அடக்கத்துக்கு எத்தனை மதிப்பெண்?

இரண்டு வருடங்களுக்கு முன் ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் எங்களுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். நாலைந்து வயதுக் குழந்தைகள் ஒவ்வொருவராக ஓர் அறையில் உட்கார வைக்கப்படுகிறார்கள். எதிரே தட்டில் ஒரே ஒரு மார்ஷ்மல்லோ மிட்டாய். தான் திரும்பி வரும்வரை அதைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் ஒருவர் வெளியே போகிறார். சில குழந்தைகள் உடனே தின்றுவிடுகின்றன. சில கண்ணை மூடிக்கொள்கின்றன, மிட்டாயை முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கின்றன, தலைமுடியைப் பிய்த்துக்கொள்கின்றன. காத்திருந்த குழந்தைகள்தான் பின்னாளில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள், வாழ்க்கையில் முன்னுக்கு வந்தார்கள் என்று பயிற்சியாளர் முடித்தார். நாங்கள் கைதட்டினோம்.

நான் தென்காசிப் பக்கம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் இதையே செய்து பார்த்தேன். மார்ஷ்மல்லோவுக்குப் பதில் கடலை மிட்டாய். மணி அடிக்கும்வரை தின்னாமல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று என்று சொன்னேன். பெரும்பாலான பிள்ளைகள் அப்படியே வைத்திருந்தார்கள். தின்றவர்களில் ஒருத்தி, வகுப்பிலேயே கணக்கில் முதலாவதாக வருகிறவள். நான் சொல்லி முடிப்பதற்குள் தின்று விரலையும் துடைத்துவிட்டாள்.

"உனக்கு ரெண்டாவது வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வச்சிருந்தா தம்பி எடுத்துருவான் டீச்சர்."

"இங்க உன் தம்பி இல்லையே?"

"பழக்கமாயிட்டு டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ராத்திரி வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பதில் எனக்குள் இறங்கியது.

பெற்றோரின் எதிர்பார்ப்பும் பிள்ளையின் சுயகட்டுப்பாடும் சேர்ந்தால் மதிப்பெண் வந்துவிடும் என்ற சூத்திரத்தை நாம் எல்லோரும் நம்புகிறோம். பெற்றோர் கூட்டங்களில் நானே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தச் சூத்திரத்துக்குள் ஒரு பெண் குழந்தையை வைத்தால் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதைத்தான் இங்கே போட்டுப் பார்க்க நினைக்கிறேன்.

*

அந்த மிட்டாய்ச் சோதனையைச் செய்தவர் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர். 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் அது நடந்தது. அங்கே படித்தவர்களில் பலர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள். பல வருடங்கள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். அதிக நேரம் காத்திருந்தவர்கள் கல்லூரி நுழைவுக்கான தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றிருந்ததாக 1990இல் வெளியான கட்டுரை சொன்னது. அதன்பிறகு அந்த மிட்டாய் உலகம் சுற்றியது. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் வழியாகவும் பயிற்சி முகாம்கள் வழியாகவும் எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் முகாமில் யாரும் சொல்லவில்லை. 2018இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவ்னன் குவான் மூவரும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்து இதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். கல்லூரிப் பட்டம் பெறாத தாய்மாரின் பிள்ளைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். காத்திருப்புக்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள தொடர்பு பழைய ஆய்வு சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயது அறிவுத்திறன் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கழிந்துபோனது. குழந்தையின் மன உறுதி என்று நாம் கும்பிட்டதில் பெரும்பகுதி, அந்தக் குழந்தை எந்த வீட்டில் பிறந்தது என்பதுதான்.

எனக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு இன்னொன்று. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் தன் சகாக்களுடன் செய்து 2013இல் வெளியானது. 28 குழந்தைகள்தான். மிட்டாயை நீட்டுவதற்கு முன்னால் படம் வரைய வைத்தார்கள். இதைவிட நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருகிறேன், காத்திரு என்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, மன்னித்துக்கொள், இல்லை என்றார்கள். அதன்பிறகு மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்டவை 3 நிமிடம். முழுப் பதினைந்து நிமிடமும் காத்திருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 14 பேரில் 9 பேர். இரண்டாவது கூட்டத்தில் ஒரே ஒரு குழந்தை.

எங்கள் எட்டாம் வகுப்புக்காரி கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டதற்கும் இதுதான் காரணம். அவளிடம் கட்டுப்பாடு குறையவில்லை. தன் வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சரியாகக் கணக்குப் போட்டாள். அவ்வளவுதான்.

*

உளவியல் பாடப் புத்தகத்தில் சுயகட்டுப்பாடு என்று எழுதியிருக்கும். எங்கள் வீடுகளில் அதன் பெயர் அடக்கம். "அடக்கமான பிள்ளை" என்று ஆசிரியர் சொன்னால் அம்மாவுக்குப் பெருமை. திருக்குறளில் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. அதில் ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. ஆனால் நடைமுறையில் "அடக்க ஒடுக்கமாக" என்ற இரட்டைச் சொல்லை யாரும் ஒரு பையனைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

தமிழில் அடங்கு என்பது தன்வினை. அடக்கு என்பது பிறவினை. அடக்கம் என்ற பெயர்ச்சொல் இரண்டுக்கும் பொது. ஒரு பெண் அடக்கமாக இருக்கிறாள் என்று சொல்லும்போது அவளாக அடங்கினாளா, யாராவது அடக்கினார்களா என்பதை அந்தச் சொல் நமக்குக் காட்டாது. சுயகட்டுப்பாடு பற்றிய ஆய்வுகளிலும் எனக்கு இதே சிக்கல்தான் தென்படுகிறது.

ஏஞ்சலா டக்வொர்த், மார்ட்டின் செலிக்மன் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நுண்ணறிவு அளவைவிடச் சுய ஒழுக்கமே மதிப்பெண்ணைச் சிறப்பாக முன்னறிவிக்கிறது என்றது. அடுத்த வருடமே அவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள்: பெண் பிள்ளைகளிடம் சுய ஒழுக்கம் அதிகம், வகுப்பு மதிப்பெண்களில் அவர்கள் முந்துவதற்கு அதுதான் காரணம். நல்ல செய்தி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் சுய ஒழுக்கத்தை எப்படி அளந்தார்கள்? பிள்ளைகளிடம் கேட்டார்கள், சில சோதனைகள் வைத்தார்கள், பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் அந்தப் பிள்ளைக்கு மதிப்பீடு போடச் சொன்னார்கள். அந்தத் தாள் என் கையில் வந்தால் நான் யாருக்கு அதிகம் போடுவேன் என்று எனக்குத் தெரியும். எதிர்த்துப் பேசாதவளுக்கு. கரும்பலகையைத் துடைத்துவைப்பவளுக்கு. தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பவளுக்கு. அவள் எதை ஆசைப்பட்டு அடங்கியிருக்கிறாள், எதற்குப் பயந்து அடங்கியிருக்கிறாள் என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

ஒவ்வொரு மே மாதமும் நம் செய்தித்தாள்களில் ஒரு தலைப்பு அச்சாகிறது: வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி. 2024இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதியவர்களில் மாணவிகளின் தேர்ச்சி 96.44 சதவீதம், மாணவர்களின் தேர்ச்சி 92.37 சதவீதம். பத்தாம் வகுப்பில் மாணவிகள் 94.53, மாணவர்கள் 88.58. முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. ஆனால் இந்த "வழக்கம்போல்" மட்டும் நிற்கவில்லை. அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. அதிசயம் ஏதுமில்லை, பெண் பிள்ளைகள் என்றால் படிக்கத்தான் செய்வார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. சூரியன் உதிப்பதற்கு யாரும் மாலை போடுவதில்லை.

அவர்கள் ஏன் படிக்கிறார்கள்? என் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றினாள். பள்ளி விட்டு வந்ததும் நானும் மடியில் சுளவை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு. அம்மாவின் ஆயிரத்தில் முந்நூறு என்னுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் அந்த நேரத்தில் பந்து விளையாடப் போவான். தெருவிளக்கு எரிந்த பிறகும் வரமாட்டான். அவனைத் தேட யாரும் போகமாட்டார்கள். எனக்குத் தெருவும் கிடையாது, மைதானமும் கிடையாது. சுளவிலிருந்து எழுந்திருக்க ஒரே ஒரு காரணம்தான் செல்லுபடியானது: "நாளைக்குப் பரீச்சை." புத்தகத்தைக் கையில் எடுத்தால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். அப்படித்தான் நான் படித்தேன். கணக்கு எனக்குப் பிடிக்கும் என்பது பிறகு தெரிந்தது. முதலில் அது தப்பித்துக்கொள்ள ஓர் இடம்.

என்னைப் பார்த்து "எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு கட்டுப்பாடு" என்றார்கள். வெளியே போக வழியில்லாத ஒருத்தி உள்ளே உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

*

இனி எதிர்பார்ப்புக்கு வருகிறேன்.

பெற்றோரின் ஆசை ஒன்று, எதிர்பார்ப்பு வேறொன்று. பிள்ளை என்னவாக வேண்டும் என்று விரும்புவது ஆசை. உண்மையில் என்னவாகும் என்று உள்ளுக்குள் நம்புவது எதிர்பார்ப்பு. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 3,530 மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் 2002 முதல் 2007 வரை வருடாவருடம் பின்தொடர்ந்த தரவை வைத்து, கோ முராயாமாவும் சகாக்களும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். பாடமும் கணக்குதான். பெற்றோரின் ஆசை பிள்ளையின் முன்னேற்றத்துக்கு உதவியது. ஆனால் ஆசை, எதிர்பார்ப்பைத் தாண்டி ஓடிய வீடுகளில் பிள்ளையின் கணக்கு மதிப்பெண் இறங்கியது. தன் பிள்ளையால் முடியாது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே வெளியே பெரிதாக ஆசைப்படும் வீடு பிள்ளையை நசுக்குகிறது. 2016இல் வந்த இந்த முடிவை, டாக்டர் சீட்டுக்காகப் பிள்ளைகளைக் கோச்சிங் விடுதிகளில் அடைத்துவைக்கும் எல்லோரும் படிக்கலாம்.

எங்கள் ஊரில் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறான ஒன்று. பையனைப் பற்றி ஆசை அதிகம், நம்பிக்கை குறைவு. பெண்ணைப் பற்றி நம்பிக்கை அதிகம், ஆசை குறைவு. "அவ படிச்சிருவா டீச்சர், எனக்குக் கவலையில்ல" என்று அம்மாக்கள் சொல்வார்கள். எதற்காகப் படிப்பாள் என்று கேட்டால் பதில் வராது. பையனைப் பற்றிப் பேச்செடுத்தால் பெருமூச்சு. ஆனால் அவன் என்ன ஆக வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள்.

என் அப்பா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. நல்ல மனிதர். கை நீட்டியதே இல்லை. அண்ணன் பத்தாவதில் கணக்கில் தோற்றுப்போனான். டுடோரியலில் சேர்த்துவிட்டார். இரண்டாம் முறை எழுதித் தேறினான். அந்த வருடம் நான் ஒன்பதாவது. ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா என்னிடம் சொன்னார்: "பத்தாவதுல நானூத்தம்பது எடு. நீ கேக்கதப் படிக்க வைக்கேன்." நான் 461 எடுத்தேன். பிளஸ் டூவில் 1200க்கு 1063. எனக்கு இன்ஜினியரிங் வேண்டும் என்று கேட்டேன். அது 1996. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்த காலம். பயிற்சி வகுப்புக்குத் திருநெல்வேலி போய்வர வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும். அந்த ஜூன் மாதம்தான் அண்ணனுக்குத் தனியார் பாலிடெக்னிக்கில் பணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மா சீட்டுப் பிடித்து வைத்திருந்த பீடிப் பணம் அதற்குப் போனது.

அப்பா என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "நீ எங்க போட்டாலும் மொளச்சிருவம்மா. அவனுக்குத்தான் ஒரு வழி பண்ணணும்" என்றார். பாராட்டு மாதிரியே இருந்தது. நான் பக்கத்து ஊர் மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கு சேர்ந்தேன். பிறகு பி.எட். பிறகு இந்த வேலை.

அரசாங்க வேலையில் இருக்கிறாய், உனக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பதற்காக எழுதுகிறேன். எனக்குக் கட்டுப்பாடு இருந்தது, அதனால் எனக்குச் செலவு செய்யத் தேவையில்லை என்று ஆயிற்று. அண்ணனிடம் அது இல்லை, அதனால் அவனுக்குச் செலவு செய்ய வேண்டியிருந்தது. அடங்கிப் படிக்கிற மகள் குடும்பத்துக்கு மலிவாக முடிகிறாள். சுயகட்டுப்பாடு மதிப்பெண்ணைக் கொண்டுவருகிறது என்று சொல்லும் ஆய்வாளர்கள், அந்தச் சுயகட்டுப்பாட்டின் பலனை வீட்டில் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் அளந்தால் நன்றாக இருக்கும். தம்பி எடுத்துவிடுவான் என்று என் மாணவி சொன்னாளே, எங்கள் வீட்டில் அண்ணன். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அவன் கேட்கவே இல்லை. அவன் கையில் கொடுத்தார்கள்.

இது என் அப்பாவின் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. 1989இல் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில். உதவி வேண்டுமென்றால் பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2011இல் பத்தாம் வகுப்பு படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும், பட்டம் பெற்றவளுக்கு 50,000 ரூபாயும் தங்கமும் என்று ஆனது. இந்தத் திட்டத்தால் பத்தாவது வரை பெண்ணை நிறுத்தாமல் படிக்கவைத்த வீடுகள் எனக்குத் தெரியும். அதை மறுக்கமாட்டேன். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்ற வார்த்தைக்கு அந்த வீடுகளில் என்ன அர்த்தம் ஏற்பட்டது? மாப்பிள்ளை வீடு, தாலி, தங்கம். "எட்டி, பத்தாவது பாஸ் ஆயிரு, பவுனு கெடைக்கும்" என்று என் காதுபடச் சொன்ன தாய் உண்டு. 2022இல்தான் அந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண், கல்லூரி போனால் மாதம் 1000 ரூபாய். பணம் அவள் கணக்குக்கு வருகிறது. அதன்பிறகு என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் காலேஜ் என்ற சொல்லை உச்சரிக்கிற விதம் கொஞ்சம் மாறியிருக்கிறது. எதிர்பார்ப்பு என்பது தாயின் நெஞ்சில் தானாக ஊறுவதில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை.

*

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை 'அம்மா கணக்கு' படம் போட்டுக் காட்டினோம். அஸ்வினி ஐயர் திவாரி இந்தியில் எடுத்த 'நில் பட்டே சன்னாட்டா'வைத் தமிழில் அவரே திரும்ப எடுத்து 2016இல் வெளியான படம். வீட்டு வேலை செய்து மகளைத் தனியாக வளர்க்கிற சாந்தியாக அமலா பால் நடித்திருப்பார். மகளுக்குக் கணக்கு வராது. படிப்பில் ஆர்வமும் இல்லை. டாக்டர் பிள்ளை டாக்டர் ஆகும், வேலைக்காரி பெண் வேலைக்காரிதான் ஆவாள் என்பது அவளுடைய கட்சி. தாய் என்ன செய்கிறாள் என்றால், மகளின் வகுப்பிலேயே மாணவியாகச் சேர்ந்துவிடுகிறாள். கணக்கில் மகள் தன்னை முந்திவிட்டால் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுவதாகப் பந்தயம்.

கணக்கு டீச்சராக எனக்குப் பிடித்த படம். குறிப்பாக, தாய் பெஞ்சில் உட்காருவது. பிள்ளைகளிடம் படி படி என்கிற பெற்றோரில் எத்தனை பேருக்கு அந்தப் பாடம் எவ்வளவு கடினம் என்று தெரியும்? சாந்திக்குத் தெரிகிறது, அவளே போட்டுப் பார்ப்பதால். அவளுடைய எதிர்பார்ப்பு வெறும் ஏவலாக இல்லாமல் கூட உட்கார்ந்து உழைப்பதாக மாறுகிறது. வயதான பிறகு ஒரு பெண் தனக்காகவும் கற்றுக்கொள்கிற சந்தோஷம் அமலா பால் முகத்தில் தெரியும். படம் அந்தச் சந்தோஷத்தோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

ஆனால் மகள் கேட்ட கேள்விக்குப் படம் பதில் சொல்வதில்லை. வேலைக்காரி மகள் வேலைக்காரிதான் என்று அவள் சொல்வது சோம்பேறித்தனம் என்று படம் முடிவுகட்டுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளும் என் எட்டாம் வகுப்புக்காரி மாதிரி ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். படித்தால் யார் பணம் கட்டுவார்கள் என்பது அந்தக் கணக்கில் முக்கியமான எண். படம் அந்த எண்ணை அழித்துவிட்டு, தாயின் தியாகத்தை அந்த இடத்தில் எழுதுகிறது. தாய் படும் பாட்டைப் பார்த்து மகள் வெட்கப்பட வேண்டும், திருந்த வேண்டும். வெட்கத்திலிருந்து கட்டுப்பாடு, கட்டுப்பாட்டிலிருந்து மதிப்பெண். படம் முடிந்ததும் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அழுதார்கள். ஒருத்தி என்னிடம் வந்து, "எங்கம்மா பீடி சுத்தியே கையி வளஞ்சு போச்சு டீச்சர், நான் ஒழுங்காப் படிக்கணும்" என்றாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அம்மாவின் கை வளைந்ததற்குப் பதினைந்து வயதுப் பெண் எப்படிக் கடன்காரி ஆனாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இந்த வகைக் கதைகளில் அப்பாக்கள் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதையும் கவனித்தேன். தாயின் தியாகம் ஒரு பக்கம், மகளின் அடக்கம் இன்னொரு பக்கம். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டு கரையேற வேண்டும். கரையை உயரமாகக் கட்டியவர்கள் படத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.

*

அப்படியானால் எதிர்பார்ப்பை எது மாற்றும்? மேற்கு வங்கத்திலிருந்து ஒரு விடை இருக்கிறது. 1993இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகு ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்த ஊருக்கு ஒதுக்கீடு என்பது சுழற்சியில் வந்ததால் ஆய்வாளர்களுக்கு ஊர்களை ஒப்பிட வசதியாக இருந்தது. லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டொபலோவா நால்வரும் 495 கிராமங்களில் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. மகன்மேல் வைக்கும் ஆசைக்கும் மகள்மேல் வைக்கும் ஆசைக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவர் இருந்த ஊர்களில் அந்தப் பள்ளம் பெற்றோரிடம் 20 சதவீதமும் வளரிளம் பிள்ளைகளிடம் 32 சதவீதமும் குறைந்திருந்தது. படிப்பில் ஆண், பெண் பிள்ளைகளுக்கு இடையே இருந்த வித்தியாசம் இல்லாமலே போயிருந்தது. பெண் பிள்ளைகள் வீட்டுவேலைக்குச் செலவிட்ட நேரமும் குறைந்திருந்தது.

அந்த ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு யாரும் சுயகட்டுப்பாட்டு வகுப்பு எடுக்கவில்லை. மிட்டாய் வைத்துச் சோதிக்கவில்லை. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க் காரியம் பார்ப்பதைப் பத்து வருடம் போலப் பார்த்தார்கள். படித்தால் ஏதோ ஒன்று கிடைக்கும் என்பதற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சி இருந்தது. காத்திருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடித்த ஒன்றுக்காக, தான் தேர்ந்துகொண்ட ஒன்றுக்காக, விளையாட்டையும் தூக்கத்தையும் ஒத்திவைக்கிற பெண்ணை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு தேற்றத்தை நிரூபிக்க மூன்று நாள் முட்டிக்கொண்டு, நாலாம் நாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். அது அவளுடையது. அதை நான் அடக்கம் என்று சொல்லமாட்டேன். மற்றவர்களின் வசதிக்காக அவள் விட்டுக்கொடுப்பதையும் இதையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே மதிப்பெண் போட்டு, ஒரே மாதிரிப் பாராட்டுவதுதான் நாம் செய்கிற தவறு.

இப்போது பெற்றோர் கூட்டங்களில் "உங்கள் மகள் நல்ல அடக்கமான பிள்ளை" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இவள் நீங்கள் சொன்ன மார்க்கை எடுத்துவிட்டால், நீங்கள் என்ன செய்வீர்கள்?" பல அப்பாக்கள் சிரித்து மழுப்புகிறார்கள். சிலர் யோசிக்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கடலை மிட்டாய்க்காரி இந்த வருடம் பத்தாவது முடித்தாள். கணக்கில் 98. மாவட்ட மாதிரிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். போன வாரம் அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா யோசிக்கிறாராம். தம்பியை அடுத்த வருடம் தனியார் பள்ளியில் சேர்க்க வேண்டியிருக்கிறதாம். மாதிரிப் பள்ளியில் செலவு ஒன்றும் இல்லையே என்று நான் கேட்டேன். "செலவில்ல டீச்சர். நான் போயிட்டா வீட்டுல அம்மைக்குக் கைவேலைக்கு ஆள் இல்ல. எங்க இருந்தாலும் நீ படிச்சிருவயேன்னு சொல்லுதாவ" என்றாள்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன் எனக்குச் சொன்ன அதே வாக்கியம், கிட்டத்தட்ட எழுத்து மாறாமல். அவள் அழவில்லை. "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும் டீச்சர். நாளைக்கு அப்பா வீட்டுல இருப்பாவ. காலைலயே வந்துருங்க, தள்ளிப்போட்டா முடிஞ்சுரும்" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். பேச்சு இன்னும் முடியவில்லை. நாளைக்கும் போகிறேன்.